அடக்கமும் அச்சமும் ஒன்றல்ல

தம் பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் பெருமையுடன் கூறும் சொல் ஒன்று பள்ளி வாயிலில் அடிக்கடி காதில் விழுவதுண்டு. "எங்கள் பிள்ளை மிகவும் அடக்கமானவன், நாலு பேருக்கு முன்னால் வாயே திறக்கமாட்டான்" என்பர். இவ்வாக்கியத்தின் முற்பகுதி புகழ்ச்சி. பிற்பகுதி புகழ்ச்சியன்று, அது கவலைக்குரிய செய்தி. ஆயினும் இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே பொருளுடையன போலக் கூறி நம் சமுதாயம் பழகிவிட்டது. ஆசிரியர் சிலரும் இதற்கு விலக்கல்லர். மதிப்பெண் புத்தகத்தில் "அமைதியான மாணவி" என எழுதிக் கையொப்பமிட்டு அடுத்த பெயருக்குச் சென்றுவிடுவர். அம்மாணவி ஏன் அமைதியாக இருக்கிறாள் என்பதை எவரும் வினவுவதில்லை. அவளோ, வினவினாலும் விடை கூற அஞ்சுவாள்.

அன்புள்ள பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே! அடக்கம் வேறு, அச்சம் வேறு. சொல்வதற்குச் செய்தி இருந்தும், இஃது உரிய இடமன்று, இது பெரியோர் பேசும் நேரம் எனத் தானே ஆராய்ந்து வாய் மூடியிருப்பவன் அடக்கமுடையவன். சொல்வதற்குச் செய்தி இருந்தும், சொல்ல வேண்டுமென்ற விருப்பம் இருந்தும், பிறர் நகைப்பார்களோ, பழிப்பார்களோ என்னும் நடுக்கத்தால் நா எழாமல் நிற்பவன் அச்சமுடையவன். முன்னவனுடைய வாய்க்குத் திறவுகோல் அவன் கையில் இருக்கிறது. பின்னவனுடைய வாயைப் பூட்டியவர் வேறு யாரோ. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இருவரும் ஒன்றுபோலவே தோன்றுவதுதான் தொல்லை.

திருவள்ளுவர் இவ்வேறுபாட்டை நன்கறிந்தவர். அடக்கமுடைமை என்று பதின்மூன்றாம் அதிகாரத்தைப் பாடிய அதே புலவர், பொருட்பாலில் எழுபத்து மூன்றாம் அதிகாரத்துக்கு அவையஞ்சாமை எனப் பெயரிட்டார். போர்க்களத்தில் உயிர்விடத் துணிந்தோரைக் காண்பது எளிது, அவை நடுவே அஞ்சாது பேசுவோரைக் காண்பதுதான் அரிது என்பது அவ்வதிகாரத்தில் அவர் கூறும் கருத்துகளுள் ஒன்று. அவைக்கு அஞ்சுபவன் கற்ற கல்வியைப் பகைவர் நடுவே நடுங்குபவன் கையிலுள்ள வாளுக்கு ஒப்பிடுகிறார். வாள் கூர்மையானதுதான், அதனால் பயன் என்ன? நாம் முதல் அதிகாரத்தைப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் போதிக்கிறோம். இரண்டாவதைத் திருக்குறள் மனனப் போட்டிக்கு வந்தால் படித்துக்கொள்ளலாம் என விட்டுவிடுகிறோம்.

இவ்வச்சம் உடலில் எவ்வாறு தோன்றுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்துக் கரும்பலகைக்கு முன் வந்து நிற்கச் சொல்கிறார். உடனே நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது, நேற்றிரவு வரை மனப்பாடமாக இருந்த பாடம் எங்கோ ஓடி மறைகிறது. "எனக்கு மட்டும் ஏன் இப்படி? நான் கோழை" என அம்மாணவன் எண்ணிக்கொள்கிறான். அஃது உண்மையன்று. விடியற்காலை இருளில் தலைவிளக்கு அணிந்து பால்மரம் சீவச் செல்லும் தொழிலாளி, மரத்தடியில் பாம்பைக் கண்டால் அவருக்கும் இதே படபடப்பு, இதே வியர்வைதான். ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடலை ஆயத்தப்படுத்த இயற்கை செய்துவைத்த ஏற்பாடு அது. குருதி கைகால்களுக்கு விரைகிறது, மூச்சு வேகமாகிறது. அவ்வேளையில் நிதானமாகச் சிந்திக்கவும் நினைவுபடுத்தவும் மனம் இடந்தருவதில்லை. பாம்புக்கு முன் இவ்வேற்பாடு உயிர் காக்கும். வகுப்புத் தோழர் முப்பது பேரின் கண்களுக்கு முன் அது வேண்டாத ஏற்பாடு. ஆனால் உடலுக்கு அவ்வேறுபாடு தெரியாது. ஆகவே நெஞ்சு படபடப்பது இழிவன்று. அதைக் கண்டு வெட்கி ஓடுவதே தீங்கு.

ஓடுவது எவ்வாறு தீங்காகும்? பேச்சுப் பயிற்சி நாளன்று வயிற்றுவலி என்று கூறி ஒரு சிறுவன் வீட்டிலேயே தங்கிவிடுகிறான் என வைத்துக்கொள்வோம். பள்ளிமணி அடித்த நேரத்தில் அவன் மனத்தில் ஒரு பெரிய நிம்மதி பிறக்கிறது. அந்த நிம்மதிதான் நஞ்சு. "ஓடினால் பிழைப்பாய்" என்னும் பாடத்தை அது அவனுக்குக் கற்பித்துவிடுகிறது. மறுமுறை வயிற்றுவலி இன்னும் விரைவில் வரும். (உண்மையான வயிற்றுவலியாகவே வரும் என்பதையும் பெற்றோர் உணரவேண்டும், பிள்ளை பொய் சொல்லவில்லை.) ஓடாமல் நின்று, நடுங்கிக்கொண்டேனும் நான்கு வாக்கியம் பேசியவனுக்கோ வேறொரு பாடம் கிட்டுகிறது. சில நிமிடங்களில் படபடப்பு தானே தணிகிறது, வானம் இடிந்து விழவில்லை, மணி அடித்தது, எல்லாரும் சிற்றுண்டிச் சாலைக்குப் போனார்கள். இதை ஒருமுறை கண்டவன் மறுமுறை சற்றுக் குறைவாக அஞ்சுவான். கூச்சம் என்பது அறிவுரையால் நீங்குவதன்று. இவ்வாறு சிறிது சிறிதாக நின்று பார்த்து நீங்குவது. இன்றைய உளநூல் மருத்துவரும் இவ்வழியைத்தான் பெரிதும் கையாளுகின்றனர்.

இன்னொன்றையும் இங்குச் சொல்லவேண்டும். கூச்சமுடையோர், உலகமே தம்மை உற்றுநோக்கிக் கொண்டிருப்பதாக எண்ணுவர். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக அறிஞர் சிலர் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவர் ஒருவர், அணிவதற்கு வெட்கப்படத்தக்க படம் பொறித்த சட்டையொன்றை அணிந்து, பலர் அமர்ந்திருக்கும் அறைக்குள் செல்லவேண்டும். வெளியே வந்ததும், "உம் சட்டையிலுள்ள படத்தை எத்தனை பேர் கவனித்திருப்பர்?" என்று அவரிடம் வினவப்பட்டது. ஏறத்தாழப் பாதிப்பேர் கவனித்திருப்பர் என்பது அவ்வாறு அணிந்தவர்களின் மதிப்பீடு. அறையிலிருந்தோரை வினவியபோது, ஏறத்தாழக் கால்பங்கினரே கவனித்திருந்தனர். நம் கிழிந்த காலணியை, தவறிய ஒரு சொல்லை, முகத்திலுள்ள பருவை நாம் எண்ணும் அளவிற்குப் பிறர் எண்ணுவதில்லை. அவரவர்க்கு அவரவர் சட்டையைப் பற்றிய கவலையே பெரிது!

இனி, கசப்பான ஒன்றைப் பேசவேண்டியுள்ளது. எல்லா நாட்டுப் பிள்ளைகளும் கூச்சப்படுவர். ஆனால் தோட்டப்புறத்திலிருந்து வந்த நம் மக்களின் கூச்சத்துக்கு ஒரு தனி வரலாறுண்டு. அது பிறவியில் வந்ததன்று, கற்பிக்கப்பட்டது. சட்டமாகவே விதிக்கப்பட்டது என்றாலும் மிகையாகாது. பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று பெயர் சொன்னால் மட்டும் குரல் கொடுத்தவர்கள் நம் முன்னோர். துரையின் முன் நிமிர்ந்து நிற்றலாகாது. கிராணியிடம் எதிர்வினா எழுப்பலாகாது. கங்காணி பேசினால் தலையாட்ட வேண்டும். வெள்ளைக்காரத் துரையோ தோட்ட அலுவலரோ எதிரில் வந்தால் மிதிவண்டியில் செல்லும் தொழிலாளி இறங்கி நிற்கவேண்டும் என்பது பல தோட்டங்களில் வழக்காக இருந்தது.

இஃது ஏதோ கதை என மாணவர்கள் எண்ணிவிட வேண்டா. 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர்.எச். நாதன் என்பார் அதற்கு வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர். அன்று அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பார்த்தால் வியப்பு மேலிடும். கூலி உயர்வு கேட்டார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி கேட்டார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். அவற்றோடு, துரைமார் முன்னிலையிலும் அலுவலர் முன்னிலையிலும் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையையும், பேச்சுரிமையையும், கூட்டம் கூடும் உரிமையையும் கேட்டார்கள். கூலிக்குப் போராடியவர்கள் மிதிவண்டியை ஏன் சேர்த்துக்கொண்டார்கள்? வயிற்றுப் பசியைப் போன்றே நெஞ்சின் குறுகலும் துன்பம் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தமையால்தான். படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் சுட்டுக்கொல்லப்பட்டனர், நாதன் நாடு கடத்தப்பட்டார். நம் பாட்டன்மாருக்கும் முப்பாட்டன்மாருக்கும் "வாய் திறக்காதே" என்னும் பாடம் எவ்விதம் புகட்டப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அந்தப் பாட்டன் வீட்டிற்கு வந்து, "ஐயா எதிரில் பேசாதே, கைகட்டி நில்" என மகனுக்குச் சொன்னார். அஃது அன்பினால் சொன்ன சொல். பிள்ளை அடிபடக்கூடாதே என்னும் அன்பு. மகன் அதையே தன் மகனுக்குச் சொன்னார். இன்று துரையில்லை. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களுள் பலர் நகரத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். ஆனால் கைகட்டி நிற்கும் பழக்கம் மட்டும் மூட்டை முடிச்சுகளுடன் நம்மோடு மாடியேறி வந்திருக்கிறது. வங்கி எழுத்தர் முன்னும் கைகட்டுகிறோம். பள்ளி அலுவலகத்துக் கண்ணாடிச் சாளரத்தின் முன்னும் கைகட்டுகிறோம்.

இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. நம் பிள்ளைகள் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பயின்று, பின்னர்த் தேசியமொழியில் பாடம் நடக்கும் இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர். தேசியமொழியில் போதிய தேர்ச்சி பெறாதார்க்கு ஓராண்டுப் புகுமுக வகுப்பு என்னும் ஏற்பாடும் நெடுங்காலம் இருந்துவந்தது. அறுபது பேர் பயிலும் சிறிய பள்ளியில் எல்லா ஆசிரியரையும் பெயர் சொல்லி அறிந்த பிள்ளை, ஆயிரம் பேருக்கு மேல் பயிலும் பள்ளியில் போய் நிற்கிறது. மலாய்மொழி அதற்குத் தெரியாமலில்லை. தாளில் எழுதச் சொன்னால் எழுதும். வாயால் சொல்லத்தான் வராது. "சிக்கு, போலே சாயா பெர்கி தண்டாஸ்?" என்னும் ஐந்து சொற்களைக் கூறக் கூசி, கழிவறைக்குச் செல்லாமல் காலை முழுதும் அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. தண்ணீர் குடித்தால்தானே தொல்லை என்று குடிக்காமலே இருந்துவிடுவர். வகுப்பில் விளங்காத கணக்கை இவர்கள் எவ்வாறு எழுந்து கேட்பர்? கேட்காத கணக்கு அடுத்த கணக்கையும் விளங்காமற் செய்யும். பின்வரிசைக்குச் செல்வர், பின்னர்ப் பள்ளிக்குச் செல்லாமலே நிற்பர். "படிப்பு ஏறவில்லை" என்று ஊரார் கூறிவிடுவர். ஏறாதது படிப்பா, குரலா என்று ஆராய்வார் இல்லை.

பெரியோர்க்கும் இதே கதைதான். மருத்துவமனையில் தாதியிடம் உள்ள நோயைச் சொல்லக் கூசி, "தலைவலி" என்று மட்டும் கூறி மாத்திரையுடன் திரும்பிவரும் தாய்மார் எத்தனை பேர்! சம்பளச் சீட்டில் கழிக்கப்பட்ட தொகை எதற்கு என்று கேட்கத் தயங்கி, வீட்டிற்கு வந்து மனைவியிடம் சினந்துகொள்ளும் தந்தையர் எத்தனை பேர்! கூச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலையை வெள்ளிக்கணக்கில் எழுதினால் வீட்டுக்கு வீடு ஒரு தொகை வரும்.

காந்தியடிகளைப் பற்றி மாணவர்கள் பாடநூலில் படித்திருப்பர். அவர் இளமையில் எத்தகைய கூச்சமுடையவராக இருந்தார் என்பதைப் பாடநூல் விரிவாகக் கூறுவதில்லை. இலண்டனில் சட்டம் பயின்ற காலத்தில் சைவ உணவினர் சங்கத்தின் செயற்குழுவில் அவர் உறுப்பினராக இருந்தார். ஆனால் கூட்டங்களில் வாய் திறக்கமாட்டார். ஒருமுறை தம் கருத்தைத் தாளில் எழுதிச் சென்றும் அதைப் படிக்கத் துணிவின்றி வேறொருவர் படிக்க நேர்ந்தது. 1891ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய பின், பம்பாயில் சிறு வழக்கு மன்றமொன்றில் முதன்முதலாக வாதாட எழுந்தார். தலை சுற்றியது, வினா ஒன்றும் எழவில்லை, அமர்ந்துவிட்டார். வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து, வேறு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு விரைந்து வெளியேறினார். இவற்றையெல்லாம் அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 1893ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் இந்திய வணிகர் கூடியிருந்த ஒரு வீட்டில்தான் அவர் வாழ்வில் முதல்முறையாகப் பொதுவில் ஓர் உரையை முழுமையாக நிகழ்த்தினார். என்ன மாற்றம் நிகழ்ந்தது? கூச்சம் மறைந்துவிடவில்லை. தம்மைப் பற்றிய எண்ணத்தைவிடப் பேச வேண்டிய செய்தி பெரிதாகிவிட்டது. தம் மக்கள் படும் இழிவைக் கண்டபின், "நான் எப்படித் தோன்றுவேன்" என்னும் கவலைக்கு அவர் நெஞ்சில் இடமில்லை.

இதனைத் தொடர்ந்து நிகழ்ந்த ஒன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. 1894ஆம் ஆண்டில் டர்பன் நகரில் அவர் வழக்கறிஞராக இருந்தபோது, பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி அவரைக் காண வந்தார். ஒப்பந்தக் கூலியாகச் சென்றவர். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் குருதி வழிய, கந்தல் உடையுடன், தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். வெள்ளையர் முன் தலைப்பாகையை எடுத்துவிட வேண்டுமென்பது அங்கு ஒப்பந்தத் தொழிலாளர்மீது சுமத்தப்பட்டிருந்த வழக்கம். அதையே காந்தியார் முன்னும் அவர் கடைப்பிடித்தார். முதலில் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளும்படி காந்தியார் கூறினார். அவர் தயங்கித் தயங்கித்தான் கட்டிக்கொண்டார். ஆனால் கட்டியபோது அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது என்று காந்தியார் குறிப்பிடுகிறார். தென்னாப்பிரிக்காவில் கையில் பிடித்த தலைப்பாகையும் கிள்ளானில் இறங்கி நின்ற மிதிவண்டியும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள். தயக்கத்தோடு கட்டினாலும் தலைப்பாகை தலைப்பாகைதான். தயங்காமல் கட்டும் நாள் வரட்டும் எனக் காத்திருந்திருந்தால் பாலசுந்தரம் வெறுந்தலையுடனேயே நின்றிருப்பார்.

அதுபோலவே, அச்சம் முற்றும் நீங்கிய பின் பேசுவேன் என்று மாணவர் எவரும் காத்திருக்க வேண்டா. அச்சத்துடனேயே பேசத் தொடங்குங்கள். மேடையில்தான் தொடங்க வேண்டுமென்பதில்லை. முதல் நாள் பக்கத்து மேசைத் தோழனிடம் ஒரு கதையைச் சொல்லுங்கள். பின்னர் நால்வர் கொண்ட குழுவில் அதே கதையைச் சொல்லுங்கள். பின்னர் இருந்த இடத்திலேயே எழுந்து நின்று வகுப்புக்குச் சொல்லுங்கள். கட்டுரை முழுவதையும் எழுத்தெண்ணி மனனம் செய்யாதீர்கள்; ஒரு சொல் தவறினால் மாலை அறுந்த மணிபோல் எல்லாம் சிதறிவிடும். முதல் வாக்கியத்தை மட்டும் நன்கு மனனம் செய்து, எஞ்சியவற்றின் வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியம் நேராக வெளிவந்துவிட்டால் நா தன் வழியைத் தானே கண்டுகொள்ளும். தேசியமொழியில் பிழையாகப் பேசினாலும் பேசுங்கள். இன்று பிழையின்றிப் பேசும் எவரும் ஒருகாலத்தில் பிழையாகப் பேசியவரே. தாய்மொழியைக்கூட நாம் மழலையில்தானே தொடங்கினோம்?

ஆசிரியப் பெருமக்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பள்ளி ஆண்டுவிழா வந்தால் வரவேற்புரைக்கு ஒரு மாணவி, நன்றியுரைக்கு ஒரு மாணவன், நடுவே பேச்சுக்கு அதே மாணவியின் தம்பி என ஆண்டுதோறும் நான்கைந்து பிள்ளைகளே ஒலிபெருக்கியைத் தொடுகின்றனர். சிறப்பு விருந்தினர் முன் பள்ளியின் பெயர் காக்கப்பட வேண்டுமே என்னும் கவலை விளங்குகிறது. ஆனால் நன்றாகப் பேசும் பிள்ளைக்கு மேடை விருந்து. பேச அஞ்சும் பிள்ளைக்கோ அது மருந்து. மருந்தை நோயில்லாதவனுக்கே திரும்பத் திரும்பக் கொடுப்பது எந்த மருத்துவம்? விருந்தினர் இல்லாத சாதாரண வாரத்துக் காலைச் சபைகூடலில் அஞ்சும் பிள்ளைகளுக்கு முறை வைக்கலாம். ஒருவர் ஒரு செய்தியைச் சொன்னாலும் போதும். தவறினால் நகைக்கும் பிள்ளைகளை அப்போதே தடுத்தல் வேண்டும். ஆசிரியரே நகைத்துவிட்டால், அந்தக் கதவு பல ஆண்டுகளுக்குத் திறவாது.

முன்பு இதற்கென்றே முயற்சிகள் இருந்தன. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1952ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த தமிழர் திருநாள் மலாயா முழுவதும் பரவி, ஊர்தோறும் பேச்சுப் போட்டிகளுக்குக் களம் அமைத்தது. அவர் நடத்திய தமிழ் முரசு நாளிதழின் மாணவர் மணிமன்றம் எத்தனையோ இளையோரை எழுதவும் பேசவும் வைத்தது. அவர்களுள் பலர் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அல்லர். அன்று மன்றங்களின் மேடை, பழகுவதற்கு உரிய இடமாக இருந்தது. இன்று மேடை என்றால் பரிசு, பரிசு என்றால் புகைப்படம் என்றாகிவிட்டது. பரிசில்லாத மேடைதான் அஞ்சும் பிள்ளைக்கு ஏற்ற மேடை.

பெற்றோர் வீட்டிலேயே செய்யக்கூடியவை பல. மளிகைக்கடைக்குப் பிள்ளையை அழைத்துச் சென்றால், நீங்கள் கேட்காதீர்கள். பிள்ளையே விலை கேட்கட்டும், மீதிச் சில்லறையை எண்ணி வாங்கட்டும். உறவினர் வந்து, "உன் பெயர் என்னம்மா?" என்று கேட்டால், நீங்கள் முந்திக்கொண்டு விடை சொல்லாதீர்கள். ஐந்து நொடி மௌனம் உங்களுக்கு நீண்டதாகத் தோன்றும், பொறுங்கள். "இவள் ஊமை, பேசமாட்டாள்" என்று விருந்தினர் முன் வேடிக்கையாகச் சொல்வதை அறவே விட்டொழியுங்கள். பிள்ளை அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை. தன் பெயரைப் போல ஏற்றுக்கொண்டுவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் அத்தகையதே.

ஓர் எச்சரிக்கை. இயல்பிலேயே குறைவாகப் பேசும் பிள்ளைகள் உண்டு. தனித்திருந்து நூல் படிப்பதிலும், ஓவியம் தீட்டுவதிலும், கோழிக்குஞ்சு வளர்ப்பதிலும் இன்பம் காண்பர். தேவையானபோது தயங்காமல் பேசுவர். அவர்களை மேடைக்கு இழுத்துத் துன்புறுத்த வேண்டா. மௌனம் அவர்களுக்கு நிழல். மறுபுறம், வீட்டில் கலகலப்பாகப் பேசியும் பள்ளியில் மாதக்கணக்காக ஒரு சொல்லும் பேசாத பிள்ளைகளும், பள்ளி என்றாலே வாந்தியெடுத்து உறக்கம் கெடும் பிள்ளைகளும் அரியவராயினும் உளர். இது பிடிவாதமன்று, செய்வினையுமன்று. அடிப்பதனாலும் மந்திரிப்பதனாலும் தீராது. அளவுகடந்த அவையச்சத்தை 1980ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உளமருத்துவர் சங்கம் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு மருத்துவமும் உண்டு. அரசாங்கச் சுகாதார நிலையத்து மருத்துவரிடம் பிள்ளையை அழைத்துச் சென்று நடப்பதைக் கூறினால், அவர் உரிய மருத்துவரிடம் அனுப்பிவைப்பார். அவ்வாறு செல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காய்ச்சலுக்குச் செல்வதைப் போன்றதே இதுவும்.

இறுதியாகப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தைப் பற்றி. ஆண்டுக் கூட்டத்துக்கு வரும் பெற்றோருள் பெரும்பாலோர் கடைசி வரிசை நாற்காலிகளையே நாடுவர். "ஐயங்கள் இருந்தால் கேட்கலாம்" என்று தலைவர் கூறியதும் மண்டபம் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி பெறும். கூட்டம் முடிந்து வெளியே மரத்தடியில் நிற்கும்போதுதான் எல்லாருக்கும் எல்லா ஐயமும் எழும். புத்தகக் கட்டணம் ஏன் கூடியது, பேருந்து ஏன் தாமதமாக வருகிறது, ஐந்தாம் ஆண்டுக்குக் கணித ஆசிரியர் எப்போது வருவார் என்றெல்லாம் தெளிவாக, உரத்த குரலில் பேசுவர். பேசத் தெரியாதவர்கள் அல்லர் என்பதற்கு அந்த மரத்தடியே சான்று. அடுத்த கூட்டத்துக்குத் தந்தையும் தாயும் சேர்ந்து வருக. பிள்ளைகளையும் உடன் அழைத்து வருக. ஒருவர் ஒரு வினாவேனும் துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு வரலாம். எழுந்து அதைப் பார்த்தே படிக்கலாம். எழுத இயலாதார்க்குப் பிள்ளையே எழுதித் தரும். சங்கச் செயலவையினரும் நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போட்டுப் பார்க்கட்டும்; ஒலிபெருக்கி இல்லாமலே எல்லார் குரலும் எட்டும். தேநீரையும் வடையையும் கூட்டம் முடியும்வரை பூட்டிவைக்காமல் தொடக்கத்திலேயே வழங்கிவிடலாம். மரத்தடிப் பேச்சு மண்டபத்துக்குள் வருவதற்கு அதுவும் ஒரு வழிதான்.